ரவாவும் சேமியாவும் சௌக்கியமா?

அந்த பிஸ்கட் கவரைக் கொஞ்சம் மடிச்சு உள்ள வச்சிரு தாயி. தப்பா நெனைச்சுக்கிடாத. கவர் சத்தம் கேட்டாப் போதும், தின்னக் குடுக்கப் போறோம்னு இதுக ரெண்டுக்கும் நெனப்பு. இந்தா, ஆரம்பிச்சிட்டுல்லா? வீக்கு வீக்குன்னு. இனி மானூர் தாண்டுற வரைக்கும் நிக்காது.

காலைத் தூக்காத, கடிக்காது. எலி இல்லம்மா, எலி இல்ல. கினி பிக்காம். பேருலதான் பன்னி, மத்தபடி பன்னிக்கும் இதுக்கும் ஒட்டும் கெடையாது ஒறவும் கெடையாது. நாங்க சைவம் பாத்துக்கோ. வீட்டுக்குள்ள பன்னி பன்னின்னு சொல்லக் கூச்சப்பட்டு எங்க வீட்டுக்காரர் "பிள்ளைகளுக்குத் தண்ணி வச்சாச்சா"ன்னுதான் கேப்பாரு. மாடிக்குப் புதுசா குடிவந்த பொண்ணு ரொம்ப நாளா எங்க வீட்ல பிள்ளைகளத் தேடிக்கிட்டு இருந்தா.

வெளுத்து மஞ்சளா இருக்கது ரவா. முடி நீட்டமாக் கெடக்குல்லா, அது சேமியா. ரெண்டும் பொட்டை. எம் பேத்தி நித்திலா வச்ச பேரு. ஏறும்போதே கண்டக்டர் கேட்டாரு, "கூடையில என்னம்மா, கோழியா? லக்கேஜ் போடணுமே"ன்னு. "ரவாவும் சேமியாவும்"ன்னேன். சரின்னு போயிட்டாரு. நான் பொய்யா சொன்னேன்? உள்ளதச் சொன்னேன்.

எங்க போறேன்னா கேக்க? சங்கரன்கோவிலுக்கு. சம்பந்தகாரி வீட்டுக்கு. எம் மக சங்கரியோட மாமியா, கோமதி மதினி. ஞாயித்துக்கிழம ஆனா இதுகளத் தூக்கிக்கிட்டு போவணும்னு என் தலையில எழுதியிருக்கு. எனக்கும் கோமதி மதினிக்கும் இருந்த சண்டைக்கு, நான் அந்த ஊரு பஸ்ஸுல கால வச்சதே அதிசயம்.

என்ன சண்டைன்னு கேளு. நீ திருநெல்வேலிப் பக்கம்தான, மறுவீட்டுச் சொதி தெரியும்லா? கல்யாணம் முடிஞ்ச மறுநா பொண்ணு வீட்டுக்காரங்க போடுற சாப்பாடு. தேங்காப்பால்ல காய்கறியப் போட்டு, பாசிப்பருப்பு சேத்து, தொட்டுக்க இஞ்சிப்பச்சடி வச்சு. நகையில கொற சொல்லு, பொறுத்துக்கிடுவேன். மண்டபத்துல ஃபேன் ஓடலன்னு சொல்லு, சரின்னு கேட்டுக்கிடுவேன். சொதியில கொற சொல்லலாமா? கோமதி மதினி எலைல ஒக்காந்து ஒரு வாய் எடுத்து வச்சுட்டு, பக்கத்துல இருந்தவகிட்ட, "சொதி கொஞ்சம் தண்ணியா இருக்கோ?"ன்னாவ. மெதுவாவா? நாலு எலைக்குக் கேக்கும்படியா! சமைச்சு வெளம்பிக்கிட்டு இருந்த தவசுப்பிள்ளைக்கு மொகம் செத்துப் போச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அது ஆச்சு ஒம்பது வருசம். அன்னையில இருந்து நாங்க பேசுவோம், ஆனா பேச மாட்டோம். புரியுதா? தீவாளிக்கு ஒரு போனு, பொங்கலுக்கு ஒரு போனு. "சௌக்கியமா மதினி?" "சௌக்கியம் மதினி." "அண்ணாச்சி சௌக்கியமா?" "சௌக்கியம்." வச்சிருவோம். மருவாதிக்கு மருவாதி, தூரத்துக்குத் தூரம்.

இதுக்கு நடுவுலதான் இந்தப் பன்னி வந்துச்சு. மெட்ராசுல சங்கரி வீட்டுக்குப் போயிருக்கும்போது மொதமொதல்ல பாக்கேன். "எலிப்பொறி வாங்கியாரட்டுமாட்டி?"ன்னு கேட்டேன். வெளாட்டுக்குத்தான் கேட்டேன்! அந்தப் பிள்ள நித்திலா அத மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கா. மாப்பிள்ளைக்கு ஜெர்மனில ஆறு மாசம் வேலைன்னு குடும்பத்தோட கெளம்புனாவ. இதுகள எங்க விடன்னு பேச்சு வந்துச்சு. பெத்த தாயி நான் பாளையங்கோட்டைல குத்துக்கல்லாட்டம் இருக்கேன். கொண்டுபோயி மாமியாகிட்ட விட்டுட்டா. ஏன்ட்டின்னு கேட்டா, "நித்திலாவுக்கு ஒன்ன நெனைச்சாப் பயமா இருக்காம்மா"ங்கா. எப்படி இருக்கு கத?

விட்டது தொல்லைன்னு நான் பேசாம இருந்திருக்கலாம். எனக்கென்ன, பன்னி மேல பாசமா? ஒண்ணும் கெடையாது. ஆனா பிள்ள திரும்பி வரும்போது இதுக உசுரோட இருக்கணும்லா. ஏர்போட்டுல வச்சு என்னையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "ஆச்சி, சேமியாவுக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?"ன்னு கேட்டுச்சு. அவ அப்பா வழி ஆச்சிகிட்ட இருக்கதுக்கு என்கிட்ட வந்து கேக்கா பாரு. சொதியோட ருசி தெரியாத கையில ரெண்டு வாயில்லா சீவன். எனக்குத் தூக்கம் வருமா?

தெனமும் போன் போட ஆரம்பிச்சேன். போட்டதும் பன்னிய விசாரிக்க முடியுமா? மொறைன்னு ஒண்ணு இருக்குல்லா. மொதல்ல மதினி சௌக்கியமா, பொறவு அண்ணாச்சி சௌக்கியமா, அவிய நாத்தனா வீட்ல எல்லாரும் சௌக்கியமா, அங்க மழை உண்டுமா, இல்லைன்னா வெயில் எப்படி. வரிசையா ஒவ்வொண்ணாக் கேட்டு முடிச்சு, வைக்கப் போற மாதிரி இழுத்து, "பொறவு மதினி... ரவாவும் சேமியாவும் சௌக்கியமா?"ன்னு கேப்பேன். "சௌக்கியமா இருக்கு"ம்பாவ. அவ்வளவுதான். அந்த ஒரு பதிலுக்காக அம்புட்டுப் பேரு சௌக்கியத்தையும் கேக்கணும்.

கொஞ்ச நாள்ல எனக்குச் சந்தேகம் தட்டிட்டு. எப்படின்னா, மதினிக்குப் பேச்சுல ரெண்டு வார்த்தைக்கு ஒருதரம் மூச்சு வாங்குது. பொய் சொல்லுதவளுக்குத்தான் அப்படி மூச்சு வாங்கும். இன்னொரு நா பதினோரு மணிக்குக் கூப்பிட்டா மதினி வீட்டுக்காரர், அண்ணாச்சி எடுக்காவ. "அவ படுத்திருக்காம்மா, பொறவு பேசுவா"ங்காவ. பட்டப் பகல்ல வீட்டுக்காரி படுத்துக் கெடந்தா பன்னிய யாரு பாப்பா? சரி, வீடியோல காட்டுங்க மதினின்னு கேட்டேன். மொகத்தக் காட்டணும்லா? காட்ட மாட்டாவ. போன நேரா கூண்டுக்குள்ள விட்டு ரவாவோட மூக்க மட்டும் காட்டுதாவ. அந்த மூக்குக்குப் பின்னால, ஸ்டூல் மேல, நான் என் கண்ணால பாத்தேன், மாத்திரை அட்டை. ஒண்ணு ரெண்டு இல்ல, குமிச்சுக் கெடக்கு. பன்னிக்கு எதுக்கும்மா அம்புட்டு மாத்திரை? அதுவும் போதாதுன்னு ரவாவோட கன்னம் வேற வீங்கிப் போயித் தெரியுது.

எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே, "அவங்களுக்கே ஏதும் ஒடம்புக்கு முடியலையோ என்னமோ"ங்காரு. எனக்குக் கோவம் வந்துட்டு. "தெனமும் மொதக் கேள்வியே சௌக்கியமான்னுதான கேக்கேன்? சௌக்கியம்னுதான சொல்லுதாவ? அதுக்கு மேல என்னத்த விசாரிக்கச் சொல்லுதிய?"ன்னேன். பேப்பர்க்குள்ள போயிட்டாரு.

முருகங்குறிச்சிப் பக்கம் மீனு, கிளி எல்லாம் விக்கிற கடை ஒண்ணு உண்டு. அங்க போயி வெவரத்தச் சொல்லிக் கேட்டேன். "இதுகளுக்கு ஆரஞ்சுல உள்ள சத்து வேணும்மா. இல்லைன்னா ஈறு வீங்கிரும், மூட்டு வீங்கிரும். அப்புறம் தாங்காது"ன்னாரு கடைக்காரர். கன்னம் வீங்கியிருந்ததப் பாத்தேன்லா! வழியிலயே ஆரஞ்சு வாங்குனேன், நெல்லிக்கா வாங்குனேன், கொத்தமல்லிக் கட்டு வாங்குனேன். எதுக்கும் இருக்கட்டும்னு வயித்துக்கு ஓமத்திரவம் ஒரு பாட்டில் வாங்குனேன். வீட்டுக்குக் கூடப் போவல, புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இதே பஸ்ஸுல ஏறிட்டேன். சொல்லிட்டுப் போனா மறைச்சிருவாவள்ளா.

மதினி வீட்டுக் கதவு பூட்டாம ஒருச்சாச்சுக் கெடந்துச்சு. சத்தங்காட்டாம உள்ள நொழஞ்சேன். வாசலத் தாண்டுனதும் பட்டாசாலை, அங்கதான் கூண்டு. பாத்தா... என்னத்தச் சொல்ல. ரெண்டும் கொழுக்கட்ட மாதிரி உருண்டு கெடக்கு. வீக்கமுமில்ல, சீக்குமில்ல, அம்புட்டும் சத! முன்னால ஆரஞ்சுச் சொள, ஆப்பிள் துண்டு. ஆப்பிள்! எங்க வீட்ல விருந்தாளி வந்தா வாங்குத ஆப்பிள்! பஸ்ஸுல வரும்போது மதினியக் கேக்கணும்னு ஒரு பாட்டம் கேள்வி தயார் பண்ணி வச்சிருந்தேன் பாரு, அது அம்புட்டும் வீணாப் போச்சு. உள்ளதச் சொன்னா எனக்குக் கொஞ்சம் ஏமாத்தமாக் கூட இருந்துச்சு.

அப்பம் உள்ள ரூம்ல இருந்து, "யாரு?"ன்னு சத்தம். எட்டிப் பாக்கேன். கட்டில்ல ஒரு ஆளு கெடக்கு. மதினின்னு புரியவே நேரமாச்சு. பாதியாப் போயிட்டாவ. மண்டபத்துல நாலு எலைக்குக் கேக்கப் பேசுன ஆளு, யாருன்னு கேக்க ஒரு வார்த்தைக்கே எளைக்காவ.

நான் ஆரஞ்சுப் பையும் கையுமா வாசப்படியில நிக்கேன். என்னையப் பாக்காவ, பையப் பாக்காவ. கண்ணுல பொலபொலன்னு தண்ணி வந்துட்டு.

"மதினி... ஒங்களுக்கு யாரு சொன்னா? ஒங்க பக்கம் ஒருத்தருக்கும் சொல்லக் கூடாதுன்னு இவுககிட்டச் சத்தியம் வாங்கியிருந்தேனே!"

நான் என்ன சொல்ல? "யாரும் சொல்லல மதினி. மனசு கேக்கல, வந்துட்டேன்"ன்னேன். நீயே சொல்லு தாயி, இதுல ஒரு வார்த்த பொய் உண்டா?

மாப்பிள்ள ஜெர்மனி போன கொஞ்ச நாள்லயே நெஞ்சு வலி வந்து திருநெல்வேலில பெரிய ஆஸ்பத்திரில வச்சு, ரத்தக் கொழாய்ல ஸ்டென்ட்டாம், கம்பி மாதிரி ஒண்ணு, அத வச்சு அனுப்பியிருக்காவ. எங்க வீட்ல இருந்து ஆட்டோல போற தூரம். எனக்குச் சொல்லல. சொன்னா நான் சங்கரிகிட்டச் சொல்லிருவேனாம், மாப்பிள்ள ஜெர்மனி வேலையப் பாதியில போட்டுட்டு அம்மாவப் பாக்க ஓடி வந்திருவாராம். "நான் அப்படி எல்லாத்தையும் சொல்லுத ஆளா மதினி?"ன்னு கேட்டேன். அந்நேரம் பாத்து மூச்சு வாங்குனாவ.

பொறவு என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுதாவ: "நல்லதுக்குக் கூப்பிட்டாப் போவணும், கெட்டதுக்குக் கூப்பிடாமப் போவணும்பாவ. என் கூடப் பொறந்தவிய கூட நாளைக்கு வாரேன், நாளான்னைக்கு வாரேங்காவ. நீங்க கூப்பிடாம வந்தியளே மதினி. தெனமும் போன் போட்டு, எடுத்த எடுப்புல என்னையத்தான சௌக்கியமான்னு கேட்டிய? ஒம்பது வருசமா இல்லாம இப்பம் இப்படி விழுந்து விழுந்து கேக்காவளே, எப்படியோ தெரிஞ்சிருக்கு, நம்ம வாயால சொல்லணும்னு காத்துக் கெடக்காவன்னு நெனச்சேன். எத்தன தடவ சொல்ல வந்தேன் தெரியுமா? நான் வாயத் தொறக்கும்போது நீங்க ரவாவும் சேமியாவும்னு ஆரம்பிச்சிருவிய. எம் மனசு சங்கடப்படக் கூடாதுன்னு பேச்ச மாத்துதியளோன்னு விட்டுட்டேன்."

பைல இருந்து எட்டிப் பாத்த கொத்தமல்லிக் கட்ட மெதுவா உள்ள தள்ளிக்கிட்டேன்.

அப்பம்தான் அந்த வார்த்த வந்துச்சு. "அந்தச் சொதி நல்லாத்தான் இருந்துச்சு மதினி. மாப்பிள்ள வீட்டுக்காரின்னா ஏதாவது ஒண்ணு சொல்லணும்லான்னு சொல்லிட்டேன்"ன்னாவ. பாத்தியா! ஒம்பது வருசம் கழிச்சு! நெஞ்சுக்குள்ள கம்பிய விட்டதும் உண்ம வெளிய வந்துட்டு. வீட்டுக்காரருக்கு அப்பமே போன் போட்டுச் சொல்லணும்னு கை துடிச்சுச்சு. ஆனா மதினி கை என் கைக்குள்ள இருந்துச்சா, அது சில்லுன்னு இருந்துச்சு. எனக்கு என்னமோ பண்ணிட்டு தாயி. இவிய போயிருந்தா நான் யாருகூடச் சண்ட போடுவேன்? அங்கனயே ஒக்காந்து நானும் அழுதேன். நல்லா அழுதேன். அண்ணாச்சி காப்பியோட வந்து, ரெண்டு பேரையும் பாத்துட்டு, காப்பிய வச்சுட்டு ஓடிட்டாவ.

பொறவு வந்த மொறைக்கு ஆரஞ்ச உரிச்சு நீட்டுனேன். "எனக்கு சுகர் இருக்கே மதினி. தெருவுல உள்ளவிய பாக்க வாரவிய எல்லாம் ஆரஞ்சும் ஆப்பிளுமாக் கொண்டாந்து குமிக்காவ. வீணாப் போவுதேன்னு அதுகளுக்குத்தான் போடுதேன்"னாவ. அப்பம்தான் எனக்கு அந்தச் சதையோட ரகசியம் புரிஞ்சுது. என் ஆரஞ்சும் கடைசியில கூண்டுக்குள்ளதான் போச்சு. யாருக்குன்னு வாங்குனேனோ அதுகளுக்கே போய்ச் சேந்துட்டு, சாமி இருக்காருல்லா?

குனிஞ்சு கூண்டு கழுவக் கூடாத ஒடம்பு. அதனால ரெண்டையும் நான் தூக்கிக்கிட்டு வந்துட்டேன். வழியனுப்பும்போது மதினி அழுத அழுகைய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூட அழலையாம், அண்ணாச்சி சொன்னாவ.

இங்கதான் என் கஷ்டம் ஆரம்பிக்குது, கேளு. மறுநா காலைல பல்லு வெளக்குறதுக்குள்ள போனு. "சௌக்கியமா மதினி? அண்ணாச்சி சௌக்கியமா? பாளையங்கோட்டைல மழை உண்டுமா?" எல்லாம் கேட்டு முடிச்சு, இழுத்து, "பொறவு... ரவாவும் சேமியாவும் சௌக்கியமா?" சௌக்கியம்னு சொன்னா நம்பணும்லா? வீடியோ கேக்காவ. "ரவா மெலிஞ்ச மாதிரி இருக்கே. சேமியா கண்ணு ஏன் கலங்கியிருக்கு?"ங்காவ. கடைக்காரர் சொன்னபடி அளவாக் குடுக்கேன், அதான் மெலியுது! ஒரு வாயில்லா சீவன அடுத்தவ கையில குடுத்துட்டா நம்பிக்கை வேண்டாமா? இப்படியா தெனமும் போன் போட்டு ஒரு மனுசிய நோண்டுவாவ? நான்லாம் அப்படிச் செய்வேனா?

இதுல ஞாயித்துக்கிழம கூத்து வேற. ஞாயித்துக்கிழம ஜெர்மனில இருந்து நித்திலா வீடியோல கூப்பிடுவா, பன்னியப் பாக்க. அவளப் பொறுத்தவரைக்கும் இதுக சங்கரன்கோவில்ல இருக்கு. பாளையங்கோட்டைக்கு வந்துட்டுன்னு சொல்லலாமேம்பா நீ. எப்படிச் சொல்ல? நானும் கோமதி மதினியும் சேந்துட்டோம்னு தெரிஞ்சாலே சங்கரி பதறிருவா. "யாருக்கும்மா சீரியஸு?"ன்னுதான் மொதல்ல கேப்பா. அப்படி ஒரு பேரு எங்களுக்கு. மாப்பிள்ள அடுத்த பிளேன்ல வந்து நிப்பாரு. வேலை முடிய இன்னும் கொஞ்ச நாள்தான், அது வரைக்கும் மதினி நெஞ்சு வெசயம் வெளிய போவக் கூடாது.

அதனால வாரா வாரம் தூக்கிக்கிட்டு ஓடுதேன். மதினிக்குப் பவுடர் போட்டு, பூ வச்சு, நாற்காலியில ஒக்கார வச்சு, மாத்திரையெல்லாம் அலமாரிக்குள்ள தள்ளி, மடியில ஒண்ணு கைல ஒண்ணாக் குடுத்துட்டு, நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால போயி நின்னுக்கிடுவேன். ஒரு தடவ தும்மிட்டேன். "அது யாரு ஆச்சி?"ன்னு நித்திலா கேக்கா. மதினி கண்ண இமைக்காம, "சேமியாவுக்குத் தடுமம்"னாவ. அவ்வளவுதான், அந்தப் பிள்ள அங்க அழ ஆரம்பிச்சிட்டு. ஜெர்மனில இருந்து எனக்குப் போனு: "ஆச்சி, நீங்க ஒரு எட்டு போயி சேமியாவப் பாத்துட்டு வாரியளா? எனக்குப் பயமா இருக்கு." நான் கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டே, குசுகுசுன்னு, "சரி தாயி, போயிட்டு வாரேன்"னேன். எங்கிட்டக் கேக்கா பாத்தியா. எலிப்பொறிய மறந்துட்டா.

அன்னா, கோபுரம் தெரியுது. ஊரு வந்துட்டு. எந்திரிக்கேன் தாயி. அந்தத் தூக்குவாளிய எடுத்துக் குடு. சாய்ச்சிராத, சாய்ச்சிராத, நேராப் பிடி.

பாலு இல்லம்மா. சொதி.

மதினிக்கு நாக்கு செத்துப் போச்சாம், சொதி வேணும்னு பச்சப்பிள்ள மாதிரி கேக்காவ. டாக்டர் தேங்காப்பாலே கூடாதுன்னுட்டாரு. மொதல்பால எடுத்துத் தனியா வச்சுட்டு, கடைசிப் பால ரெண்டு கரண்டி மட்டும் ஊத்தி, பருப்பக் கரைச்சு விட்டிருக்கேன். வாய்ல வச்சுப் பாத்தேன். சுத்தத் தண்ணி. என் வாழ்க்கைல இப்படி ஒரு சொதி வச்சதில்ல. மதினி ஒரு வாய் வச்சதும் என்ன சொல்லுவாவன்னு எனக்கு நல்லாத் தெரியும். நாலு எலைக்குக் கேக்கத்தான் சொல்லுவாவ.

சொல்லட்டும். இன்னும் ரொம்ப வருசத்துக்குச் சொல்லிக்கிட்டே இருக்கட்டும்.